மூக்கு சாருக்குச் சளி பிடித்த நாள்

மைசூரில் மூக்கோடு பிறந்தவர் ஒரே ஒருவர்தான். நமக்கெல்லாம் முகத்தின் நடுவில் இருப்பது, கண்ணாடி நழுவாமல் இருக்க ஆண்டவன் வைத்த ஒரு மேடு. மூக்கு என்றால் அது மூக்கு சாருடைய மூக்கு.

பட்டப்பெயரைக் கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறவர்கள் கருடன் மாதிரி ஏதோ ஒன்றை எதிர்பார்த்து ஏமாந்துபோவார்கள். சின்ன, சப்பை மூக்கு. சந்தையில் கேட்டால் கொசுறாகக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த மூக்கு திரும்பிய பக்கமெல்லாம் எங்கள் தெரு நடுங்கியது.

எங்கள் தெரு ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிறது. மாதேஸ்வரன் மலையை ஒட்டிய மார்டள்ளிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஃபேக்டரி வேலைக்கும் வந்து, அப்படியே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள். ஆண்கள் காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பிய பிறகு பெண்கள் ஊதுபத்தி உருட்டுவார்கள். கரித்தூளும் பசைப்பொடியும் பிசைந்த மாவை மூங்கில் குச்சியில் உருட்டி, தெருக்கோடியில் இருக்கும் காலி மைதானத்தில் கோணி விரித்துக் காயவைத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, சனிக்கிழமை பத்திக் கம்பெனிக்குக் கொண்டுபோவார்கள். சென்ட் ஏற்றுவது கம்பெனியின் வேலை. நாங்கள் கொடுப்பது வெறும் பத்தி.

வெறும் பத்தி கைக்குழந்தை மாதிரி. பக்கத்தில் என்ன நடந்தாலும் பிடித்துக்கொள்ளும். அடுப்பில் கருவாடு வெந்தால் கருவாட்டைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் எத்தனை சந்தனம் ஏற்றினாலும், வாங்கிய மனிதர் பூஜை அறையில் கொளுத்தும்போது சாமிக்குக் கருவாட்டு ஆராதனை நடக்கும். இந்த விபத்தைத் தடுக்கக் கம்பெனி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டாக முகர்ந்து பார்ப்பதுதான் மூக்கு சாரின் உத்தியோகம்.

முகர்ந்தால் மட்டும் போதாதா? போதாது. எந்த வீட்டுக் கட்டு, என்ன குற்றம் என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி தீர்ப்பு வாசிப்பார்.

"செல்வி வீடு. வியாழக்கிழமை முட்டை உடைஞ்சிருக்கு. ஓரமா வை."

"மாதம்மா வீடு. யாருக்கோ முழங்கால் வலி, தைலம் பூசின கையோட உருட்டியிருக்கே. ஓரமா வை."

ஓரமாக வைத்த கட்டு வீட்டுக்குத் திரும்பிவரும். ஒரு வார உழைப்பு அடுப்பெரிக்கப் போகும். அதைவிடப் பெரிய கஷ்டம், இன்னார் வீட்டில் இன்ன கிழமை என்ன குழம்பு என்று ஊருக்கே தெரிந்துபோவது. விரதம் என்று சொல்லிவிட்டு நெத்திலி வறுத்த ஒரு குடும்பம் மூன்று மாதம் தலைகுனிந்து நடந்தது.

என் அம்மா சும்மா விடுகிறவள் அல்ல. ஒருமுறை கட்டுக்குள் மல்லிகைச் சரத்தை வைத்து மூடி அனுப்பினாள். "மல்லி. மைசூர் மல்லி. தேவராஜா மார்க்கெட்ல சாயங்காலம் விலை இறங்கினப்புறம் வாங்கினது. ஓரமா வை" என்றார். அடுத்த முறை கட்டைச் சாம்பிராணிப் புகையில் காட்டி அனுப்பினாள். மூக்கு சார் கண்ணை மூடி, வெங்காயம் உரிக்கிற மாதிரி மெதுவாக ஒவ்வொரு தோலாக உரித்தார்.

"மேல சாம்பிராணி. அதுக்குக் கீழே ஓமம். அதுக்கும் கீழே நெத்திலி. சாம்பிராணியை எதுக்கும்மா வீணாக்குறே? நெத்திலிக்கு அது ஜோடியே இல்லை."

அன்று வீட்டுக்கு வந்து அம்மா திட்டியதை எழுதினால் இந்தப் பத்திரிகையை வீட்டுக்குள் வைக்க முடியாது. ஆனாலும் சாம்பிராணிப் பழக்கத்தை எங்கள் தெரு விடவில்லை. சந்தேகம் வந்தால் ஒரு புகை காட்டிவிடுவது என்பது, சாப்பிட்டால் கை கழுவுவது மாதிரி எல்லா வீட்டிலும் படிந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் அவர் எங்கள் தெருவிலேயே கடைசி வீட்டில் குடியிருந்தார். தனி ஆள். வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. கல்யாணத்துக்குப் போனால் பந்தி நடக்கும்போதே சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "பன்னிரண்டரைக்கு சாம்பார் புளிச்சிடும், சீக்கிரம் பரிமாறுங்க" என்பார். சரியாகப் பன்னிரண்டரைக்குப் புளிக்கும். அதனால் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் டிரைவர் புது ஷூ போட்டுக்கொண்டு வந்த அன்று பாதி வழியில் இறங்கி நடந்துவந்தவர் அவர்.

ஒரு நாள் மத்தியானம் தன் வீட்டிலிருந்து எழுந்து நேராக நடந்துபோய், ஆறு வீடு தள்ளி இருக்கும் செல்வி அக்கா கதவைத் தட்டினார். அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் உருட்டவே இல்லீங்க சார். சனிக்கிழமை வந்துடுதுங்க."

"பத்தி கிடக்கட்டும். சிலிண்டர் ட்யூப் வெடிச்சிருக்கு. அடுப்பைப் பத்தவைக்காதே."

"அடுப்புல ஒண்ணுமே வேகலீங்க சார். சத்தியமா இன்னிக்கு ரசந்தான்."

கடைசியில் ஆள் சேர்ந்து கதவைத் திறக்கவைத்துப் பார்த்தால், ட்யூபில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அன்றைக்கு எங்கள் தெருவில் ஆறு வீடு தப்பித்தது. அந்த வாரம் செல்வி அக்கா நன்றியோடு ஒரு கட்டு கொண்டுபோனாள். "ரசம். பெருங்காயம் ஜாஸ்தி. ஓரமா வை" என்றார்.

இப்படி இருந்த நாளில்தான் மைதானத்தில் ஒரு போர்டு முளைத்தது.

நாங்கள் மைதானம் என்று சொல்லும் அந்த இடத்துக்கு அரசாங்கக் காகிதத்தில் சி.ஏ. சைட் என்று பெயர். பொது உபயோகத்துக்கென்று லேஅவுட் போடும்போதே ஒதுக்கி வைத்த இடம். அங்கே உலர் கழிவு மறுசுழற்சி நிலையம் வரப்போகிறது, ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பேனா பிடித்தவன் நான்; போர்டு வாசிப்பது தெருவில் என் பொறுப்பு.

பெண்களுக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மைதானத்தில் குப்பை வந்தால் பத்தி எங்கே காயும்? வெயில் நேராகப் படாமல், புங்கமரக் காற்றில் காயவேண்டிய பொருள் அது. தகரக்கூரை வீடுகளில் அதற்கு இடம் கிடையாது. அப்படியே எங்கேயாவது காயவைத்தாலும் வெறும் பத்தி குப்பையைப் பிடித்துக்கொள்ளும். வாராவாரம் கட்டு திரும்பிவந்தால் கம்பெனி வேறு தெருவுக்கு வேலையைக் கொடுத்துவிடும். என்னைப் பட்டப்படிப்புவரை கொண்டுபோய்ச் சேர்த்ததே அந்தக் குச்சிகள்தான். அம்மா போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "படிச்சவன் நீ இருக்குறே. எதாச்சும் எழுது கண்ணு" என்றாள்.

எழுதினேன். பதினோரு பக்கம். சட்டப் பிரிவுகள், உபபிரிவுகள், இணையத்தில் கிடைத்த அத்தனை கடினமான கன்னடச் சொற்கள். வட்டார அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய குமாஸ்தா கையில் எடை பார்த்துவிட்டு ஜன்னலோரம் படபடத்துக்கொண்டிருந்த காகிதங்களின் மேல் வைத்தார். அதுதான் அந்த மனுவின் முதல் உபயோகம்.

இடம் பார்க்க ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகவே பேசினார். வருவது உலர் கழிவு மட்டும்தான், காகிதம், பிளாஸ்டிக், அட்டைப்பெட்டி. உலர்ந்த பொருளுக்கு வாசனையே கிடையாது. ஊர்க் குப்பையை ஊர்தான் எங்காவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயமும் இருந்தது.

அன்று சாயங்காலம் புங்கமரத்தடியில் கூட்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது மூக்கு சார் வந்தார். செல்வி அக்கா அனிச்சையாகச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மனு எழுதினது யாரு?"

நான் கையைத் தூக்கினேன்.

"காகிதம் மணக்காது தம்பி. எத்தனை பக்கம் எழுதினாலும் மணக்காது. மணக்குற பொருளைக் கொண்டுபோய்க் காட்டணும்."

திட்டம் சொன்னார். ஊரின் இன்னொரு கோடியில் இதே மாதிரி நிலையம் ஒன்று ஏற்கெனவே நடக்கிறது. அங்கே ஒரு கட்டு வெறும் பத்தியை ஏழு நாள் தொங்கவிட வேண்டும். இன்னொரு கட்டை நம் மைதானத்தில். விசாரணை அன்று இரண்டையும் அதிகாரி முன்னால் வைத்து, முகர்ந்து பாருங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஒரு நிபந்தனை.

"முதல்ல நம்ம தெரு பால் கவரைக் கழுவிப் போடணும். நாறுற தெருவுக்காக நான் போய்ப் பேச மாட்டேன். எந்த வீடு கழுவலைன்னு எனக்குத் தெரியும்."

தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மறுநாள் காலையிலிருந்து எங்கள் தெருவில் பால் கவர்கள் குழந்தைகளைவிடச் சுத்தமாகக் குளித்து, கொடியில் வரிசையாகக் காய்ந்தன. வந்து பார்த்த குப்பை வண்டிக்காரர் இது ஏதோ பண்டிகை என்று நினைத்துவிட்டார்.

அந்த நிலையத்துக் காவல்காரர் எங்கள் மார்டள்ளி ஆள். அவர் சம்மதத்தோடு ஷெட் ஓரத்து ஆணியில் கட்டைத் தொங்கவிட்டேன். ஏழாம் நாள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். என் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே இருந்தது. மறுநாள் காலை விசாரணை. கட்டை வீட்டு வாசலில் வைத்துவிட்டு, நெஞ்சு நிமிர்த்திப் படுத்துத் தூங்கினேன்.

விசாரணை, வட்டார அலுவலக மாடியில். மேஜைக்கு அந்தப் பக்கம் பெரிய அதிகாரி ஒரு மேடம், பக்கத்தில் இன்ஜினியர். இந்தப் பக்கம் எங்கள் தெருவே. மேடம் என் மனுவைப் புரட்டி, மூன்றாம் பக்கத்தில் மூடிவிட்டு, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார். அம்மா காலையில் தனித்தனிப் பையில் இறுகக் கட்டிக் கொடுத்த இரண்டு கட்டுகளையும் நான் பிரித்து மேஜைமேல் வைத்தேன். ஒன்று எங்கள் மைதானத்தில் காய்ந்தது, ஒன்று குப்பை நிலையத்தில் ஏழு நாள் இருந்தது, தயவுசெய்து முகர்ந்து பாருங்கள் என்றேன். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த வாக்கியம் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

மேடம் மைதானத்துக் கட்டை முகர்ந்தார். ஒன்றும் இல்லை என்றார். குப்பைக் கட்டைத் தயக்கத்தோடு மூக்கருகே கொண்டுபோனார். முகம் மலர்ந்தது.

"இது நல்லா இருக்குதே" என்றார் கன்னடத்தில். "கோயில் மாதிரி."

இன்ஜினியர் வாங்கி முகர்ந்துவிட்டு எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். குப்பை நிலையம் வந்தால் உங்கள் பத்திக்கு இலவசமாகவே வாசனை ஏறும்போல இருக்கிறதே என்றார். ஹாலில் சிலர் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அம்மா.

எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் நான் எழுவதற்கு முன்னால் அவள் எழுந்திருக்கிறாள். வாசலில் கட்டு நாறிக்கொண்டு கிடந்திருக்கிறது. பெரிய அதிகாரிகள் முன்னால் நம் தெருக் கட்டு நாறலாமா? கை தானாகவே சாம்பிராணிக்குப் போயிருக்கிறது. பதினைந்து வருடப் பழக்கம். நாறவேண்டும் என்பதற்காகவே நாறவைத்த கட்டு அது என்று யோசிப்பதற்குள் புகை காட்டி முடித்திருப்பாள். சொல்லப் பயந்து, சொல்லாமலே வந்து நிற்கிறாள்.

மேடம் பேனாவைத் திறந்தார். அவர் எழுதப்போவது எங்கள் மைதானத்தின் கதை என்று அந்த ஹாலில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்."

மூக்கு சார் எழுந்து போய்க் கட்டைக் கையில் எடுத்தார். கண்ணை மூடினார். கம்பெனி வாசலில் அந்த முகத்தைப் பார்த்து நடுங்கிய பெண்கள், இப்போது அதே முகத்தைப் பார்த்து மனசுக்குள் மாதேஸ்வரனைக் கும்பிட்டார்கள்.

"மேல சாம்பிராணி, மேடம். ஒரு நூல் கனம்தான். அதுக்குக் கீழே நனைஞ்ச அட்டைப்பெட்டி. அதுக்குக் கீழே பால் கவர், கழுவாதது. அதுக்கும் கீழே ஒயர். யாரோ செம்புக்காக எரிச்சிருக்காங்க. செவ்வாய்க்கிழமையா இருக்கும்."

இன்ஜினியர் நாற்காலியில் நிமிர்ந்தார். "உலர் கழிவுல பால் கவர் எப்படி நாறும்?"

"கழுவினா உலர் கழிவு சார். ஊர் கழுவறதில்லையே."

இது வெறும் வாய்ப்பேச்சு, நிரூபணம் வேண்டும் என்றார் இன்ஜினியர். மூக்கு சார் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். மைதானத்துக் கட்டிலிருந்து ஒரு குச்சி கொளுத்தினார். சாதாரணக் கரிப்புகை, யாரும் முகம் சுளிக்கவில்லை. அணைத்தார். குப்பைக் கட்டிலிருந்து ஒரு குச்சி உருவினார். ஒரு கணம் யோசித்து, மூன்றாக உருவிக்கொண்டார். ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொளுத்தினார்.

முதலில் கோயில் வந்தது. மேடம் தலையசைத்தார். அரை நிமிடம் கழித்துக் கோயில் போனது. அதன் பிறகு வந்ததை எப்படி எழுதுவது? மழைக்காலத்து அட்டைப்பெட்டி வந்தது. நாள்பட்ட பால் வந்தது. கருகிய ஒயர் வந்து தொண்டையில் உட்கார்ந்தது. முன்வரிசையில் ஒருவர் ஜன்னலைத் திறக்க ஓடினார், ஜன்னல் சிக்கிக்கொண்டது. குமாஸ்தா என் பதினோரு பக்க மனுவை எடுத்து விசிறினார். அது அந்த மனுவின் இரண்டாவது உபயோகம். இன்ஜினியர் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தார், பிறகு ஓடினார். மேடம் மட்டும் எழவில்லை. கண்ணில் நீர் வழிய, "அணைங்க" என்றார். மூக்கு சார் அணைத்தார். அங்கே நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"ஏழு நாள்தான் மேடம்" என்றார். "நாங்க எங்க மைதானத்துல வருஷம் பூரா பத்தி காயவைக்கணும். குப்பை எங்களதும்தான். எங்கயாச்சும் வைக்கத்தான் வேணும். லாரி ஸ்டாண்டுக்குப் பின்னால வீடே இல்லாத இடம் சும்மா கிடக்குது. அங்கே கூரை போட்டு, பால் கவர் கழுவ ஒரு தொட்டியும் கட்டுங்க. எங்க தெருவே வந்து எப்படிக் கழுவறதுன்னு காட்டும்."

மேடம் எழுதினார். எழுதிக்கொண்டே திடீரென்று தலையைத் தூக்கினார்.

"அது சரி. இந்தக் கட்டுக்குச் சாம்பிராணி போட்டது யாரு?"

சாட்சிப் பொருளில் கைவைத்தது யார் என்று தெரிந்தால் எல்லாமே கெட்டுவிடலாம். பதினைந்து வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூட வீட்டுப் பெயரைச் சொல்லாமல் விட்டவர் அல்ல மூக்கு சார். எங்கள் வீட்டுச் சாம்பிராணியில் ஓமம் கலந்திருப்பதை முகர்ந்தே சொல்லக்கூடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருத்தி என் அம்மா.

மூக்கு சார் கட்டை எடுத்து மறுபடி முகர்ந்தார். நிதானமாக முகர்ந்தார். பிறகு கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டைக் கையால் அந்தச் சப்பை மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியலைங்க மேடம். காலையில இருந்தே சளி."

இரண்டு வாரத்தில் போர்டு பிடுங்கப்பட்டது. நிலையம் லாரி ஸ்டாண்டுக்குப் பின்னால் போனது, கூரையோடும் தொட்டியோடும். அதைக் கண்காணிக்கும் குழுவில் மூக்கு சாரையும் சேர்த்தார்கள். மாதம் ஒருமுறை அவர் உள்ளே நுழைந்தால் அங்கே வேலை செய்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களாம். போர்டு பிடுங்கிய அன்று தெருவே மைதானத்தில் கூடியது. பறை அடித்தோம், லட்டு கொடுத்தோம், புங்கமரத்துக்குக்கூடச் சீரியல் லைட் சுற்றினோம். செல்வி அக்கா மைசூர் மல்லியில் கட்டிய ஆளுயர மாலையை அவர் கழுத்தில் போட்டாள். அவர் பதினான்கு தும்மல் தும்மினார். எண்ணிக் கைதட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை அம்மா குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். நானும் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது.

"சளி தேவலைங்களா சார்?" என்றாள் அம்மா.

"எந்தச் சளி?" என்றார் மூக்கு சார். கட்டை எடுத்தார், முகர்ந்தார், வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார். "வெந்தயக் குழம்பு. புதன்கிழமை அடிப்பிடிச்சது. ஓரமா வை."

அம்மா ஓரமாக வைத்தாள். வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். இப்போதும் எங்கள் வீட்டுக் கட்டு அவ்வப்போது திரும்பி வருகிறது. அப்பா ஏதாவது முணுமுணுத்தால் அம்மா விடுவதில்லை.

"வரட்டும் விடுங்க. மனுசன் மூக்கு நல்லா இருக்குதுல்ல, அது போதும்."